ஆம்பளை வேலை, பொம்பளை வேலை: கூக்காலிலிருந்து சில குறிப்புகள்

கூக்காலில் பூண்டு நடவு நடந்துகொண்டிருந்த காட்டின் ஓரத்தில் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஆண்கள் மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டிவிட்டு வரப்பில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்கள். குனிந்த பெண்கள் நிமிரவில்லை. பல் பல்லாக ஊன்றிக்கொண்டே போனார்கள். பிறகு களையெடுப்பதும் அவர்கள்தான். கூலி மட்டும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. ஏன் என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன். 'அவுகளுக்கு மம்பட்டி வேல. நமக்குக் குனிஞ்ச வேலதானே' என்றார். கேள்வியே அவருக்கு விநோதமாக இருந்தது.

இந்தத் 'தானே'யில்தான் விஷயம் இருக்கிறது. மண்வெட்டி பிடிப்பது கனத்த வேலை. நாள் முழுக்க இடுப்பை வளைத்து வைத்திருப்பது லேசான வேலை. இந்தத் தராசைச் செய்தது யார்?

1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. ஒரே வேலைக்கு, அல்லது ஒத்த தன்மையுள்ள வேலைக்குச் சமக்கூலி என்றது. வேலையை முதலிலேயே இரண்டாகப் பிரித்துப் பெயர் சூட்டிவிட்டால் சட்டத்தை மீற வேண்டிய அவசியமே இல்லை! 1987இல் பம்பாய்க் கம்பெனி ஒன்றின் பெண் சுருக்கெழுத்தாளருக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் நியாயம் கிடைத்தது. மேஜைக்கு மேஜை ஒப்பிடலாம். மண்வெட்டியையும் விரலையும் எப்படி ஒப்பிடுவது?

நம் தோழர்கள் ஒருகாலத்தில் சீனாவைக் காட்டுவார்கள். பாதி வானத்தைப் பெண்கள் தாங்குகிறார்கள் என்ற முழக்கம் இங்கேயும் சுவரேறியது. ஆனால் அங்குள்ள கம்யூன்களில் ஆணுக்கு ஒரு நாளைக்குப் பத்து வேலைப்புள்ளி என்றால் பெண்ணுக்குப் பெரும்பாலும் ஏழோ எட்டோதான். அதற்கும் முன்பே, 1950களின் தொடக்கத்தில், ஷான்ஷி மாகாணத்து ஷிகௌ கிராமத்தில் ஷென் ஜிலான் என்ற பெண் இதை எதிர்த்தார். எருப் பரப்புவதில் ஆண்களோடு போட்டி போட்டு ஜெயித்த பிறகுதான் பெண்களுக்குச் சமப்புள்ளி கிடைத்தது. ஆணின் அளவுகோலில் தன்னை நிரூபித்த பெண்ணுக்குச் சமத்துவம். அடுப்புக்கும் பிள்ளைக்கும் புள்ளி போட நோட்டே இல்லை. அந்த வேலையில் ஆண்களைப் போட்டிக்கு அழைத்தவரும் இல்லை. 1954இல் ஷென் தேசிய மக்கள் காங்கிரசுக்குப் போனார். 2020இல் சாகும்வரை உறுப்பினர். ஒருமுறைகூட எதிர்த்து வாக்களித்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார் என்பது தனிக்கதை.

கூக்காலுக்கு மேற்கே, மலைக்கு அந்தப் பக்கம், மூணாறில் 2015 செப்டம்பரில் வேறொன்று நடந்தது. தேயிலை கிள்ளும் தமிழ்ப் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள், ஒன்பது நாள் சாலையில் உட்கார்ந்து 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். பெண்கள் ஒற்றுமை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டவர்கள், சங்கத்து ஆண் தலைவர்களைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. அந்தப் பகுதியை எனக்குத் திரும்பத்திரும்பப் படிக்கப் பிடிக்கும்.

இதைக் கூக்கால் அம்மாவிடம் சொன்னேன். 'அங்க கம்பெனி இருக்கு. இங்க காட்டுக்காரரு எங்க சித்தப்பா மகன்' என்றபடி அடுத்த பாத்திக்குப் போனார்.