கண்டியின் கடைசி அரசி

கண்டி இராச்சியத்தின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்று நாம் எல்லோரும் பாடசாலையில் படித்தோம். அவருடைய அரசியின் பெயரைக் கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. அவர் பெயர் வெங்கட ரங்கம்மாள்.

கண்டி மன்னர்கள் சூரிய வம்சத்துப் பெண்ணையே பட்டத்தரசியாக்க வேண்டும் என்பது மரபு. அதற்காக மதுரைச் சீமையிலிருந்து நாயக்கர் குலப் பெண்கள் கடல் கடந்து வந்தார்கள். 1739இல் வீர நரேந்திரசிங்கன் பட்டத்துக்கு வாரிசில்லாமல் இறந்தபோது, அரசியின் சகோதரரே ஸ்ரீ விஜய ராஜசிங்கனாக முடிசூடினார். 1747இல் அவருக்குப் பின் வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனும் ஓர் அரசியின் சகோதரர்தான். ஆகவே, 76 ஆண்டுகள் நீடித்த நாயக்கர் ஆட்சி அரண்மனைக்கு வந்த மணப்பெண்கள் வழியாகவே வேரூன்றியது. ஆனாலும் நாம் மனப்பாடம் செய்தது நான்கு மன்னர்களின் பெயர்களை மட்டுமே.

ஆட்சியின் முடிவில் நமது சப்ரகமுவவுக்கும் பங்குண்டு. இங்கே திசாவையாக இருந்த எகலப்பொல 1814இல் மன்னருக்கு எதிராகக் கிளம்பினார். அதற்குப் பழியாக அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கண்டியில் கொல்லப்பட்டனர். மறு ஆண்டு பெப்ரவரி 18ஆம் திகதி, மெதமகாநுவரவுக்கு அருகே போமுரேயில் ஒளிந்திருந்த மன்னரையும் அரசிமாரையும் எக்னெலிகொடவின் ஆட்கள் பிடித்தார்கள். மன்னரைக் கட்டினார்கள். அரசிமாரின் காதணிகளைப் பிடுங்கியதில் காது கிழிந்து இரத்தம் வழிந்தது. பிறகு ஜோன் டொய்லி பல்லக்கு அனுப்பி அவர்களை அழைத்துச் சென்றார்.

கிழிந்த காதுமடலைத் தைப்பது மருத்துவர்களாகிய நமக்குச் சிறிய வேலை. ஆனால் இங்கே ஆண்களின் அரசியல் பகைக்கு இரு பக்கத்துப் பெண்களும் உடலால் விலை கொடுத்திருக்கிறார்கள். எகலப்பொல குமாரிஹாமியின் துயரத்தை நாடே அறியும். ரங்கம்மாளின் காயமும் அதே கதையின் ஒரு பகுதிதான்.

1815 மார்ச் 2ஆம் திகதி கையெழுத்தான கண்டி உடன்படிக்கை, மன்னரின் ஆண் உறவினர்கள் அனுமதியின்றிக் கண்டிப் பிரதேசங்களுக்குள் நுழைந்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை என்றது. வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்கள், அதாவது தமிழர்கள், திரும்பி வரவும் அதே தடை. 1816 ஜனவரி 24ஆம் திகதி அரச குடும்பம் கொழும்பில் 'கொர்ன்வாலிஸ்' கப்பலேறி, மதராஸ் வழியாக வேலூர்க் கோட்டைக்குச் சென்றது. மன்னர் 1832 ஜனவரி 30ஆம் திகதி அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபம் அவர் நினைவிடம்.

தமிழர் திரும்பக் கூடாது என்று எழுதிய அதே ஆட்சி, 1820களில் கோப்பித் தோட்டம் தொடங்கியதும் தமிழகத்திலிருந்து ஆட்களை மலையேற்றியது. நம் முன்னோர் வந்தது அந்த வழியில்தான். ரங்கம்மாள் நமக்குப் பாட்டி முறையாக மாட்டார். அவர் பல்லக்கில் போனவர், நம் பாட்டிமார் தலையில் கூடை சுமந்தவர்கள். ஆனால் வருவதையும் போவதையும் பிறர் தீர்மானித்தது இருவருக்கும் பொது. பெயர் ஏட்டில் நிலைக்காததும் பொது.

இந்த மலரைக் கையில் எடுக்கும் தங்கைமாரிடம் ஒரு வேண்டுகோள். வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு மன்னரின் பெயரைப் படிக்கும்போது, அரசி யார், எங்கிருந்து வந்தார், பிறகு என்ன ஆனார் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். வீட்டுக்குப் போய், உங்கள் அம்மம்மாவின் அம்மா பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள்.