ஏர்வாடித் தீ விபத்தும் மனநலச் சட்டமும்: செவிலியர் சாட்சியத்தின் வரலாறு

ஏர்வாடித் தீ விபத்து (ஆகஸ்ட் 6, 2001) இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஊரான ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் நிகழ்ந்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பிக்க வழியின்றி தீயில் சிக்கினர். 28 பேர் உயிரிழந்தனர். இந்தியாவில் மனநோயாளிகளின் உரிமை பேசப்படும்போதெல்லாம் இந்நிகழ்வு நினைவுகூரப்படுகிறது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது. மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்தது.

நோயாளியின் அருகில் இருந்து கண்டதை எழுத்தாக்கிச் சட்டம் இயற்றுவோர் முன் வைப்பது செவிலியர் துறையின் பழைய மரபுகளில் ஒன்று. அம்மரபின் தொடக்கத்திலும் சங்கிலியிடப்பட்ட மனநோயாளிகளே இருந்தனர். ஏர்வாடியின் வரலாற்றை அம்மரபோடு சேர்த்துப் பார்க்கும்போது, சட்டத்தில் செவிலியருக்கு இன்று உள்ள இடமும் இல்லாத இடமும் தெளிவாகின்றன.

ஏர்வாடி: ஊரும் வழக்கமும்

ஏர்வாடி கீழக்கரைக்குத் தென்மேற்கே மன்னார் வளைகுடாவை ஒட்டி அமைந்த ஊர். இங்குள்ள சுல்தான் செய்யது இபுராகிம் ஷஹீது தர்காவுக்கு மதவேறுபாடின்றி மக்கள் வருகின்றனர். தர்காவில் தங்கி வேண்டிக்கொண்டால் மனநோய் நீங்கும் என்ற நம்பிக்கை நெடுங்காலமாக உள்ளது. தமிழகத்தின் பல பகுதிகளிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் நோயாளிகளை இங்கே அழைத்துவந்தன.

வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் உடன் தங்க முடியாத குடும்பங்கள் நோயாளியை ஒப்படைத்துச் செல்ல இடம் தேடின. அத்தேவையிலிருந்து தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் உருவாயின. மாதந்தோறும் பணம் பெற்றுக்கொண்டு நோயாளிகளை வைத்திருந்த இவற்றில் பல கீற்றுக்கொட்டகைகளே. நோயாளிகள் ஓடிவிடாமலிருக்க அவர்களைச் சங்கிலியால் கட்டிவைப்பது அன்றாட வழக்கமாக இருந்தது.

இந்த வழக்கத்துக்கு நம்பிக்கை மட்டும் காரணமல்ல. 2001-ல் தமிழகம் முழுமைக்கும் ஒரே அரசு மனநல மருத்துவமனை சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருந்தது. 1794-ல் தொடங்கப்பட்ட காப்பகத்தின் தொடர்ச்சி அது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் இருந்தன. ஆனால் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. மாவட்டத்தின் முதல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறந்துவைக்கப்பட்டது.

தீ விபத்தும் அதன் பின்னும்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பற்றியது. அங்கு 40-க்கும் மேற்பட்ட நோயாளிகள் தங்கியிருந்தனர். பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 25 பேர் சம்பவ இடத்தில் இறந்தனர். பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து எண்ணிக்கை 28 ஆனது. உச்ச நீதிமன்ற வழக்கின் பெயரில் 25 என்றும் பிற பதிவுகளில் 28 என்றும் காணப்படுவது இதனால்தான்.

ஒரு வாரத்துக்குள் ஏர்வாடியின் காப்பகங்கள் மூடப்பட்டன. அங்கிருந்த 500-க்கும் மேற்பட்ட நோயாளிகளை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஒரு பகுதியினர் கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டனர். மற்றவர்கள் குடும்பத்தினரிடம் ஒப்படைக்கப்பட்டனர். விபத்தை ஆராய மாநில அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. காப்பகத்தை நடத்தியவர்கள் மீது தொடரப்பட்ட குற்ற வழக்கில் 2007-ல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

செய்தித்தாள்களில் வந்த செய்தியின் அடிப்படையில் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தொடங்கியது. 2002 பிப்ரவரியில் பிறப்பித்த உத்தரவில், மனநோயாளிகளை வைத்திருக்கும் எல்லா இடங்களையும் மாவட்டவாரியாகக் கணக்கெடுக்குமாறு மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு அரசு மனநல மருத்துவமனை வேண்டும் என்றும், நோயாளியைச் சங்கிலியிடுவது சட்டவிரோதம் என்பதை மக்களிடம் எடுத்துச்செல்ல வேண்டும் என்றும் கூறியது.

அப்போது நடைமுறையில் இருந்த 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மனநோயாளிகளைச் சேர்த்துச் சிகிச்சை தரும் இடங்கள் உரிமம் பெறவேண்டும் என்று ஏற்கெனவே கூறியிருந்தது. அச்சட்டம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் எட்டு ஆண்டுகள் கழித்தும் ஏர்வாடியின் கொட்டகைகள் அதன் பார்வைக்குள் வரவில்லை. பதிவேடு எழுதும் கடமை கொண்ட செவிலியரும் மருத்துவரும் இல்லாத இடங்களில் கட்டப்பட்டவர் எத்தனை பேர், எத்தனை நாளாக என்பது எந்த அலுவலகத்துக்கும் எழுத்தாகச் செல்லவில்லை. மரணங்களுக்குப் பிறகே கணக்கெடுப்பு தொடங்கியது.

முன்னோடிகள்: டிக்ஸும் நைட்டிங்கேலும்

மரணத்துக்கு முன்பே கணக்கெடுத்தவர் அமெரிக்காவின் டொரோதியா டிக்ஸ். 1841-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிழக்கு கேம்பிரிட்ஜ் சிறையில் பெண் கைதிகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கச் சென்ற அவர், குற்றம் ஏதும் செய்யாத மனநோயாளிகள் குளிர்காய வசதியற்ற அறைகளில் அடைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். பிறகு மாநிலத்தின் சிறைகளையும் ஏழை விடுதிகளையும் நேரில் சென்று பார்த்தார். கூண்டிலும் நிலவறையிலும் சங்கிலியிலும் இருந்தவர்களைப் பற்றி ஊர்வாரியாகக் குறிப்பெடுத்தார்.

1843 ஜனவரியில் இக்குறிப்புகள் மாநிலச் சட்டமன்றத்துக்கான மனுவாக ஆயின. பெண்கள் சட்டமன்றத்தில் பேச முடியாத காலம் அது. உறுப்பினரான சாமுவேல் கிரிட்லி ஹோவ் அதை அவையில் முன்வைத்தார். சில ஊர்களின் நிர்வாகிகள் விவரங்களை மறுத்தனர். ஆனால் மனு ஊரையும் இடத்தையும் குறிப்பிட்டிருந்ததால் அதைச் சரிபார்க்க முடிந்தது. வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையை விரிவாக்க சட்டமன்றம் நிதி ஒதுக்கியது. டிக்ஸ் இதே முறையைப் பிற மாநிலங்களிலும் பின்பற்றினார். மனநோயாளிகளின் நலனுக்காக அரசு நிலம் ஒதுக்கும் மசோதா 1854-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் பியர்ஸ் அதை நிராகரித்தார். 1861-ல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது டிக்ஸ் ராணுவச் செவிலியர்களின் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டார்.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் இதே காலத்தில் பிரிட்டனில் செயல்பட்டார். ராணுவத்தின் உடல்நலம் குறித்து 1857-ல் அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்கு அவர் எழுத்துமூலம் பதிலளித்தார். போரில் காயத்தால் இறந்தவர்களைவிட நோயால் இறந்தவர்கள் அதிகம் என்பதை எண்ணிக்கையால் காட்டினார். 1859-ல் இந்தியாவுக்கான ஆணையம் அமைந்தபோது, ராணுவ நிலையங்களுக்கு அனுப்பப்பட்ட கேள்விப்படிவங்களைத் தயாரிப்பதில் பங்கேற்றார். வந்த பதில்களை ஆராய்ந்து எழுதிய அவரது குறிப்புகள் 1863-ல் வெளியான அறிக்கையுடன் இடம்பெற்றன. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை.

இருவரின் முறையிலும் பொதுவானவை மூன்று. கண்டதை இடமும் எண்ணிக்கையுமாக எழுதினர். எந்த அவைக்கு அதிகாரம் உண்டோ அந்த அவைக்கே அனுப்பினர். அவையில் அதை எடுத்துச் செல்ல ஒருவரைத் தேடிக்கொண்டனர்.

தமிழகச் சட்டங்களில் செவிலியர்

சென்னை மாகாணத்தில் செவிலியரைச் சட்டம் முறையாக அடையாளம் கண்டது 1926-ல். அவ்வாண்டின் சென்னைச் செவிலியர், தாதியர் சட்டம் பதிவேட்டையும் அதைப் பேணும் மன்றத்தையும் உருவாக்கியது. அச்சட்டத்தின் வழிவந்ததே இன்றைய தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம். அடுத்த ஆண்டு சென்னை சட்ட மேலவையில் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி உறுப்பினரானார். மருத்துவத் துறையில் கண்டவற்றை அவையில் வாதமாக மாற்றியதற்குத் தமிழகத்தின் முதன்மையான எடுத்துக்காட்டு அவரே. ஆனால் அவர் மருத்துவர். அவையில் செவிலியரின் குரல் வேறொருவர் வழியாகவே ஒலித்தது.

போர் கமிட்டி 1946-ல் அளித்த அறிக்கையின்படி பிரிட்டிஷ் இந்தியாவில் ஏறத்தாழ 43,000 பேருக்கு ஒரு செவிலியரே இருந்தார். 1947-ல் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் வந்தது. அதற்கு மாற்றாக 2023-ல் தேசியச் செவிலியர் மற்றும் பேறுகாலப் பணியாளர் ஆணையச் சட்டம் நிறைவேறியது. அதன் வரைவை மத்திய சுகாதார அமைச்சகம் 2020 நவம்பரில் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. இவை பெரும்பாலும் செவிலியர் கல்வியையும் பதிவையும் பற்றியவை. நோயாளியின் உரிமை பற்றிய சட்டத்தில் செவிலியருக்கு இடம் கிடைத்தது மனநலத் துறையில்.

2017-ஆம் ஆண்டின் சட்டம்

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-ல் ஏற்றது. அதற்கேற்ப மனநலச் சட்டத்தை மாற்றியமைக்க வேண்டியிருந்தது. புதிய மசோதா 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அறிமுகமாகி, சுகாதாரத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. குழு அவ்வாண்டு நவம்பரில் அறிக்கை அளித்தது. 2016-ல் மாநிலங்களவையிலும் 2017 மார்ச்சில் மக்களவையிலும் நிறைவேறிய சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது.

மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது சட்டத்தின் 95-ஆம் பிரிவு. 97-ஆம் பிரிவு உடல் கட்டுப்பாட்டுக்கு வரம்பு விதிக்கிறது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியில்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரம் மட்டுமே நோயாளியைக் கட்டுப்படுத்தலாம். காரணமும் முறையும் நேரமும் மருத்துவக் குறிப்பில் எழுதப்பட வேண்டும். தண்டனையாகக் கட்டுப்படுத்தக் கூடாது. ஆள் பற்றாக்குறையைக் காரணமாகக் காட்டியும் கட்டுப்படுத்தக் கூடாது.

மத்திய, மாநில மனநல ஆணையங்களில் குறைந்தது 15 ஆண்டு அனுபவமுள்ள மனநலச் செவிலியர் ஒருவர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. ஆனால் நோயாளியின் முறையீட்டை நேரடியாகக் கேட்கும் மனநல மறுஆய்வு வாரியங்களில் அப்படியொரு இடம் இல்லை. அவற்றில் மாவட்ட நீதிபதி நிலையிலுள்ளவர், ஆட்சியரின் பிரதிநிதி, மனநல மருத்துவர், மற்றொரு மருத்துவர், நோயாளிகள் அல்லது பராமரிப்போர் அல்லது தொண்டு அமைப்புகளின் பிரதிநிதிகள் இடம்பெறுகின்றனர்.

சாட்சியம் தயாரிக்கும் முறை

இந்தியாவில் செவிலியர் ஒருவர் சட்டமியற்றலில் கருத்துச் சொல்ல மூன்று வாயில்கள் உள்ளன. முதலாவது, வரைவு நிலை. 2014-ல் வகுக்கப்பட்ட கொள்கையின்படி மத்திய அரசின் சட்ட வரைவுகள் குறைந்தது 30 நாட்கள் பொதுமக்களின் கருத்துக்காக வெளியிடப்பட வேண்டும். இரண்டாவது, நாடாளுமன்ற நிலைக்குழு. மசோதா குழுவுக்கு வந்ததும் கருத்துக் கேட்டு விளம்பரம் வெளியாகும். எழுத்துமூலக் குறிப்பை அனுப்புவதோடு நேரில் சாட்சியமளிக்கும் விருப்பத்தையும் தெரிவிக்கலாம். குழுவுக்கு அனுப்பிய குறிப்பு குழுவின் ஆவணமாகிவிடும். அதை வெளியில் பரப்புவது அவை உரிமை மீறலாகக் கருதப்படலாம். மூன்றாவது, மாநிலச் சட்டமன்றத்தின் மனுக்கள் குழு. இக்குழு மாவட்டங்களுக்கு நேரில் சென்று மனுக்களை ஆராய்கிறது. தலைநகரிலிருந்து தொலைவிலுள்ள இராமேஸ்வரம், தொண்டி, சாயல்குடி போன்ற ஊர்களில் பணியாற்றுவோருக்கு இதுவே எளிதில் எட்டக்கூடியது.

நல்ல குறிப்பு ஒன்று இரண்டு பக்கங்களுக்குள் அடங்கும். எழுதுபவர் யார், எத்தனை ஆண்டு எந்த வகைப் பிரிவில் பணியாற்றினார் என்பது முதலில் வரும். அடுத்து எந்தப் பிரிவைப் பற்றிய கருத்து என்பதும், பணியில் கண்ட உண்மையும், திருத்த வாசகமும், அதற்கான செலவும் வரும். ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டக் கூடாது என்ற விதியை எடுத்துக்கொண்டால், இரவுப் பணியில் எத்தனை படுக்கைக்கு எத்தனை செவிலியர் இருந்தனர் என்ற பணிப்பட்டியலின் கணக்கே வலுவான சான்று. "செவிலியர் போதவில்லை" என்ற பொதுவான புகார் அவ்வளவு பயன் தராது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. நோயாளியின் விவரங்களையும் படங்களையும் வெளியிடுவதற்கு 2017-ஆம் ஆண்டின் சட்டத்தில் 23, 24-ஆம் பிரிவுகள் வரம்பு விதிக்கின்றன. ஆகவே பெயரையும் ஊரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கிவிட வேண்டும். அடுத்தது பணி விதிகள். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளின் 10-ஆம் விதி, நாடாளுமன்றமோ சட்டமன்றமோ நியமித்த விசாரணைகளில் சாட்சியமளிக்க முன் அனுமதி தேவையில்லை என விலக்கு தருகிறது. மாநில அரசு ஊழியர்களுக்குத் தனி விதிகள் உண்டு. ஆதலால் ஒப்பந்தச் செவிலியர்களும் அரசுச் செவிலியர்களும் பெரும்பாலும் சங்கத்தின் வழியாக மனு அளிப்பதே பாதுகாப்பானது.

தொடரும் நிலை

தீ விபத்துக்குப் பின் மாவட்ட மனநலத் திட்டம் இராமநாதபுரத்துக்கு விரிவாக்கப்பட்டது. தர்காவுக்கு வரும் நோயாளிகளுக்கு, வழிபாட்டைத் தடுக்காமல் அங்கேயே மருந்தும் ஆலோசனையும் தரும் "தவா-துவா" திட்டம் ஏர்வாடியில் செயல்படுத்தப்பட்டது. மருந்து, வேண்டுதல் என்ற இரு சொற்களின் இணைப்பு அது. குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் முன்பே மேற்கொள்ளப்பட்ட முயற்சியின் வழியில் அது அமைந்தது.

சங்கிலி முற்றிலும் மறைந்துவிடவில்லை. உத்தரப்பிரதேசத்தின் பதாயூனில் வழிபாட்டுத் தலத்தை ஒட்டிய காப்பகத்தில் நோயாளிகள் கட்டிவைக்கப்பட்டிருப்பது 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது. அது நோயாளிகளின் உரிமைக்கு எதிரானது என்று நீதிமன்றம் மீண்டும் கூற நேர்ந்தது. ஏர்வாடியின் கொட்டகைகளில் இல்லாத பதிவேட்டை 97-ஆம் பிரிவு இன்று ஒவ்வொரு மனநல நிறுவனத்திலும் கட்டாயமாக்கியுள்ளது. நோயாளி எப்போது, ஏன், எவ்வளவு நேரம் கட்டுப்படுத்தப்பட்டார் என்ற அக்குறிப்பே அடுத்த திருத்தத்துக்கான சாட்சியத்தின் மூலப்பொருளும் ஆகும்.