தோல் முதலில் போனது, சத்தம் பிறகு போனது

ஆம்பூர் என்றதும் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வரும்?

பிரியாணி. தப்பே இல்லை. சென்னையிலிருந்து பெங்களூருக்குக் காரில் கிளம்பிய மனிதர், பாதி வழியில் ஆம்பூரில் வண்டியை ஓரம் கட்டி, சீரகச் சம்பா பிரியாணியையும் கத்தரிக்காயையும் ஒரு கை பார்க்காமல் நகர்ந்தால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். ஆனால், கண்ணாடியை இறக்கினால் பிரியாணிக்கு முன்னால் வேறொரு வாடை வந்து மூக்கைத் தொடும். தோல். ஊரின் நிஜமான அடையாளம் அதுதான். காலை ஷிஃப்ட் நேரத்தில் பாருங்கள். சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்களில் பெண்கள் வந்து இறங்கிக்கொண்டே இருப்பார்கள். ஷூ கம்பெனி வேலை. அவர்கள் தைக்கிற ஷூ லண்டனுக்குப் போகும், ஜெர்மனிக்குப் போகும். ஷூவின் மேல் யாரோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் இருக்கும். ஆம்பூரின் பெயர் இருக்காது.

இந்தப் 'பெயர் இருக்காது' சமாசாரத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

இந்த வாரம் சொல்லப்போவது ஓர் இசைத்தட்டின் கதை. அயர்ன் மெய்டன் என்கிற இங்கிலாந்து கோஷ்டி 2009ல் வெளியிட்ட 'ஃப்ளைட் 666'. மேடையில் வாசித்ததைப் பதிவு செய்து விற்கும் லைவ் ஆல்பம். இசை வகை, ஹெவி மெட்டல்.

அட, பக்கத்தைப் புரட்டாதீர்கள்! காது கிழியும், தலைமுடியை விரித்துப் போட்டு ஆடுவார்கள், நமக்கெதுக்கு அந்த வம்பு என்றுதானே? பம்பையும் உடுக்கையும் அடித்து சாமியை இறக்குகிற வட ஆற்காட்டுச் சீமைக்கு சத்தம் என்ன புதுசா? அதுவும் போக, இந்த இசைக்கும் தோலுக்கும் பிறவியிலேயே ஒரு தொடர்பு உண்டு.

1965. பர்மிங்ஹாம். டோனி அயோமி என்று ஒரு பையன். வயது 17. தகரம் வெட்டும் தொழிற்சாலையில் வேலை. கிடார் வாசித்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று வேலையை விடுகிறான். கடைசி நாள். மெஷினில் கை மாட்டி, வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டது. இடது கைப் பழக்கக்காரன் என்பதால் கம்பிகளை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பையன் என்ன செய்தான்? பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி செய்தான். பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கியது. ஒரு பழைய தோல் ஜாக்கெட்டைக் கிழித்து அதன் மேல் ஒட்டினான். தோல், கம்பியைப் பிடித்துக்கொண்டது. பின்னால், விரல் நோகாமலிருக்கக் கம்பிகளைத் தளர்த்திக் கட்டியபோது சத்தம் இன்னும் கனத்து, இருண்டு, இறங்கி ஒலித்தது. அவருடைய பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரியில் வந்தது. ஹெவி மெட்டல் அங்கே பிறந்ததாகத்தான் பெரும்பாலானவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

அடுத்த ஆள், பர்மிங்ஹாமுக்குப் பக்கத்து ஊரான வால்சாலில் வளர்ந்த ராப் ஹால்ஃபோர்ட். ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் பாடகர். வால்சால் என்ன ஊர் தெரியுமா? இங்கிலாந்தின் தோல் நகரம். குதிரைச் சேணம் தைப்பது அங்கே பரம்பரைத் தொழில். ஊர் கால்பந்து அணிக்கே 'சேணக்காரர்கள்' என்றுதான் செல்லப் பெயர். இந்த மனிதர் 1978 வாக்கில் தலை முதல் கால் வரை கறுப்புத் தோல், இரும்புக் குமிழ் என்று மேடையேறினார். மோட்டார் சைக்கிளையே மேடைக்கு ஓட்டி வந்தார். அன்றிலிருந்து உலகத்தில் மெட்டல் கேட்கிற பையனுக்கு யூனிஃபாரம் அதுதான். ஹால்ஃபோர்ட் இந்த உடுப்பைப் பிடித்தது லண்டனில் ஒருபால் விரும்பிகள் போய் வந்த கடைகளில். தாம் ஒருபால் விரும்பி என்று அவர் பகிரங்கமாகச் சொன்னது 1998ல். 'ஆம்பளை'த்தனத்தின் உச்சம் என்று நினைத்து இருபது வருஷம் அந்த உடுப்பை மாட்டித் திரிந்த ரசிகர்களின் முகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

நம் பக்கத்துக் கதையையும் பார்த்துவிடலாம். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோல், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்திலிருந்து ரொம்ப காலமாக இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்று வியாபாரப் பெயர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸுக்கு மேல்தோலாக மதராஸ் ராஜதானியின் தோல் கப்பல் கப்பலாகப் போனது. 1970களில் மத்திய அரசு, 'அரைகுறையாகப் பதனிட்டு அனுப்பாதே, முழுப் பொருளாக்கி அனுப்பு' என்று கெடுபிடி செய்ய, குரோம் டிரம்களும் ஷூ கம்பெனிகளும் பெருகின. தோல் போனது. கழிவு இங்கேயே தங்கிவிட்டது. 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், மாசு செய்தவன்தான் அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்று சொன்ன புகழ்பெற்ற தீர்ப்பு, வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில் வந்ததுதான். தோல் தொழில் வட்டாரத்தில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழ் என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

இப்போது லைவ் ஆல்பத்துக்கு வருவோம்.

சபா கச்சேரியைப் பதிவு செய்த பழைய காசெட் கேட்டிருப்பீர்கள். பாடகர் ஒரு சங்கதி போடுவார். முன்வரிசையில் யாரோ 'பேஷ்' என்பார். இன்னொருவர் இருமுவார். ஸ்டூடியோவில் சுத்தமாகப் பதிவு செய்த பாட்டில் கிடைக்காத ஒன்று இந்த இருமலில் இருக்கிறது. நாமும் அங்கே இருந்தோம் என்கிற பிரமை. ராக் இசைக்காரர்கள் இதைப் பெரிய வியாபாரமாகவே ஆக்கினார்கள். அதில் ஜப்பானின் பங்கு பெரிது. 1972 ஆகஸ்டில் டீப் பர்ப்பிள் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் வாசித்தபோது, ஜப்பானியக் கம்பெனி எங்கள் ஊருக்கென்று ஒரு லைவ் ஆல்பம் கொடுங்கள் என்று கேட்டது. குழுவுக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. வேண்டாவெறுப்பாகப் பதிவான அந்த 'மேட் இன் ஜப்பான்'தான் உலகமெல்லாம் ஓடியது.

ஜூடாஸ் பிரீஸ்ட்டும் அதே வழியில் போனது. 1979 பிப்ரவரியில் டோக்கியோவில் வாசித்ததைப் பதிவு செய்து, செப்டம்பரில் 'அன்லீஷ்ட் இன் தி ஈஸ்ட்' என்று வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 10 லட்சம் பிரதி தாண்டிய அவர்களின் முதல் ஆல்பம் அது. குரல் அவ்வளவு துல்லியம். அங்கேதான் சந்தேகம் வந்தது. மேடையில் குதித்து, வியர்த்து, மூச்சு வாங்குகிற மனிதரால் இப்படிப் பாட முடியுமா? 'ஈஸ்ட்' இல்லை, 'ஸ்டூடியோ' என்று ஆல்பத்தின் பெயரையே மாற்றிக் கிண்டல் செய்தார்கள். டோக்கியோவில் பதிவான குரல் சரியில்லாததால், இங்கிலாந்து திரும்பி ஸ்டூடியோவில் மறுபடி பாடிச் சேர்த்ததை ஹால்ஃபோர்டே பின்னால் ஒப்புக்கொண்டார்.

நான் பி.காம். படித்தவன். வருஷக் கடைசியில் பேலன்ஸ் ஷீட்டுக்கு பவுடர் பூசுகிற வேலைக்கு எங்கள் பாடப் புத்தகத்தில் 'விண்டோ டிரஸ்ஸிங்' என்று பெயர். இது அதேதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாடகரின் குரலைத் திரும்பப் பாடி ஒட்டலாம். அந்த ராத்திரி டோக்கியோவில் கூடியிருந்தவர்களின் வேகத்தை எங்கே போய்த் திரும்பப் பாடுவது? என்னைக் கேட்டால், கூட்டத்தின் இரைச்சல்தான் லைவ் ஆல்பத்தின் ஒரிஜினல் வவுச்சர். மற்றதெல்லாம் அட்ஜஸ்ட்மென்ட் என்ட்ரி.

அந்த இரைச்சலில்தான் நாம் இல்லை.

அயர்ன் மெய்டன், 1975 கிறிஸ்துமஸ் அன்று லண்டனில் தொடங்கிய குழு. அவர்களின் புகழ்பெற்ற லைவ் ஆல்பமான 'லைவ் ஆஃப்டர் டெத்' 1985ல் வந்தது. பெரும்பகுதி கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் பதிவானது. பாடகர் புரூஸ் டிக்கின்ஸன் நடுநடுவே ஊர் பெயரைச் சொல்லி, எனக்காகக் கத்துங்கள் என்று கட்டளையிடுவார். கூட்டம் கத்தும். பத்து கை மாறித் தேய்ந்த காசெட்டில் இதைக் கேட்ட சென்னைப் பையன், பெங்களூர்ப் பையன் எல்லாம் லாங் பீச் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாமல் சேர்ந்து கத்தினார்கள். ஜாக்கெட்டுக்கும் பூட்ஸுக்கும் தோல் அனுப்பிய தேசத்தின் குரல் எந்தத் தட்டிலும் ஏறவில்லை. பெரிய மெட்டல் குழு எதுவும் இங்கே வந்தால்தானே ஏற?

2007 மார்ச் 17, சனிக்கிழமை. பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். அயர்ன் மெய்டன் இந்தியாவுக்கு முதல் முறையாக வந்தது. ஹெவி மெட்டலின் முதல் வரிசைக் குழு ஒன்று இங்கே மேடையேறியதும் அதுதான் முதல் தடவை. 30,000 பேருக்கு மேல் கூட்டம். சென்னையிலிருந்து போனவர்கள் ரயிலிலோ ரோட்டிலோ ஆம்பூரைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். தேதி எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? உலகக் கோப்பையில் பங்களாதேஷிடம் இந்தியா தோற்ற அதே ராத்திரி. தேசமே தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தபோது, பேலஸ் கிரவுண்ட்ஸில் மட்டும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த ராத்திரி இசைத்தட்டாக வெளிவரவில்லை. காற்றோடு போச்சு.

அடுத்த வருஷம் திரும்பி வந்தார்கள். இம்முறை சொந்தத் திட்டத்தோடு. ஒரு போயிங் 757 விமானத்தை வாடகைக்குப் பிடித்து, பின்பக்க இருக்கைகளைக் கழற்றி, மேடைச் சாமான்களை ஏற்றிக்கொண்டார்கள். ஓட்டியது யார்? பாடகர் டிக்கின்ஸனேதான்! முறைப்படி லைசென்ஸ் வாங்கி விமான கம்பெனியில் வேலை பார்த்த கேப்டன் அவர். மதியம் விமானம் ஓட்டி, ராத்திரி மேடையில் பாடுகிற ஆளை வேறெங்கே பார்த்திருக்கிறீர்கள்? 45 நாளில் 23 கச்சேரி. முதல் கச்சேரி 2008 பிப்ரவரி 1, வெள்ளிக்கிழமை, மும்பை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ். கூடவே சாம் டன், ஸ்காட் மெக்ஃபேடியன் என்று இரண்டு கனடா இயக்குநர்கள் கேமராவோடு. 2009 ஏப்ரலில் படம் தியேட்டருக்கு வந்தது, மே மாதம் இசைத்தட்டு. படத்துக்கும் தட்டுக்கும் ஒரே பெயர். ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு ஊரில் பதிவானது. பாட்டுக்குப் பக்கத்திலேயே ஊரின் பெயர்.

முதல் பாட்டுக்கு எந்த ஊர்? மும்பை.

வெறும் கணக்குப் பிள்ளை மாதிரி 'வரவு வைத்தாயிற்று' என்று நான் இங்கே கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆனால் அந்த முதல் பாட்டுக்கு முன்னால் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பாட்டு, 'ஏசஸ் ஹை'. 1940ல் ஜெர்மன் விமானங்களோடு மோதிய பிரிட்டிஷ் விமானிகளைப் பற்றியது. அது தொடங்குமுன் வழக்கமாக ஓர் உரையை ஒலிக்கவிடுவார்கள். கடற்கரையில் மோதுவோம், வயலில் மோதுவோம், சரணடைய மாட்டோம் என்கிற சாரத்தில் 1940 ஜூன் 4ல் பிரிட்டிஷ் பார்லிமென்டில் பேசியது. பேசியவர் வின்ஸ்டன் சர்ச்சில்.

ஆமாம், காந்தியை அரை நிர்வாணப் பக்கிரி என்று இளப்பம் பேசிய, இந்தியாவுக்குச் சுதந்தரம் கொடுப்பதற்குக் கடைசி வரை முட்டுக்கட்டை போட்ட, 1943ல் வங்காளம் பட்டினியில் லட்சம் லட்சமாகச் செத்தபோது பிரதமராக இருந்த அதே சர்ச்சில். மும்பையில், ஆகஸ்ட் கிராந்தி மைதானம் இருக்கிற ஊரில், அவர் குரல் ஸ்பீக்கரில் வருகிறது. கூட்டம் ஆர்ப்பரிக்கிறது! அறுபது வருஷத்துக்கு முன்னால் நடந்திருந்தால் மேடையே மிஞ்சியிருக்காது. பையன்கள் சர்ச்சிலுக்காகக் கத்தவில்லை என்பது எனக்கும் தெரியும். உரை முடிந்தால் கிடார் வரும். அதற்காகக் கத்தினார்கள். இருந்தாலும் எனக்கு முதல் தடவை கேட்டபோது ஒரு மாதிரி சங்கடமாகத்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. 1940ல் சர்ச்சில் அதைச் சபையில் பேசியபோது யாரும் பதிவு செய்யவில்லை. சபை நடவடிக்கைகளை ஒலிப்பதிவு செய்கிற வழக்கமே அப்போது கிடையாது. இன்று நாம் கேட்கிற குரல், போரெல்லாம் முடிந்து சாவகாசமாக 1949ல் அவர் திரும்பப் படித்துப் பதிவு செய்தது. டோக்கியோவில் பாடியதை ஹால்ஃபோர்ட் இங்கிலாந்தில் மறுபடி பாடினாரே, அதற்கு முப்பது வருஷம் முந்தைய சீனியர் கேஸ் இது. ஹால்ஃபோர்டையாவது ஊரே கிண்டலடித்தது. சர்ச்சிலைக் கிண்டலடித்ததாகத் தெரியவில்லை.

ஆக, தட்டைப் போட்டால் முதலில் வருவது 1949ல் பேசிய 1940. அதை விழுங்கிக்கொண்டு எழும்புகிறது மும்பை மைதானத்தின் இரைச்சல். டிரம் விழுகிறது. கிடார் பாய்கிறது. எங்கெங்கிருந்தோ ரயிலேறி வந்து நின்ற, யாருக்கும் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான பையன்களும் பெண்களும் அந்தச் சத்தத்துக்குள் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் அட்டையில் இல்லை. ஊரின் பெயர் இருக்கிறது. சில நிமிடத்தில் பாட்டு முடிகிறது. கத்தல் மெல்ல அடங்குகிறது.

அடுத்த பாட்டு, மெல்போர்ன்.