பைலாடிலா: இரும்புக்கு மட்டும் திறந்த வழி

சத்தீஸ்கரின் தந்தேவாடா மாவட்டத்தில் பைலாடிலா மலைத்தொடர் இருக்கிறது. எருதின் திமில் போன்ற முகடுகள் என்பதால் அந்தப் பெயர். முகடுகளில் உயர்தர இரும்புத்தாது இருப்பது நெடுங்காலமாகத் தெரிந்ததுதான். ஆனால் கொண்டுபோக வழியில்லை. மலை சுமார் 1,200 மீட்டர் உயரம். கடலோ வெகுதூரம். இடையில் அடர்ந்த காடும் கிழக்குத் தொடர்ச்சி மலையும்.

1960-ல் இந்தியா ஜப்பானிய உருக்காலைகளோடு ஒப்பந்தம் செய்தது. பைலாடிலாவிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 40 லட்சம் டன் தாது போக வேண்டும். அதற்காகவே கொத்தவலசா – கிரந்துல் ரயில்பாதை போடப்பட்டது. நீளம் சுமார் 450 கி.மீ. மலையைக் குடைந்து 50-க்கும் மேற்பட்ட சுரங்கப்பாதைகள். சிமிலிகுடா அருகே தண்டவாளம் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறி, பிறகு கடற்கரைக்கு இறங்குகிறது. முகட்டிலிருந்து அடிவாரத்துக்குத் தாதுவை இறக்க கன்வேயர் பெல்ட்டுகள் வந்தன. பெரிய கப்பல்களில் ஏற்ற விசாகப்பட்டினத்தில் 1976-ல் வெளித்துறைமுகம் திறக்கப்பட்டது.

பொறியியல் வரலாறு இதோடு முடிந்துவிடும். நாம் கேட்க வேண்டியது இதற்குப் பிறகுதான்.

இயந்திரச் சுரங்கங்களுக்குப் பக்கத்திலேயே, கையால் தாது உடைத்துப் பொறுக்கிய ஆயிரக்கணக்கான ஒப்பந்தக் கூலிகள் இருந்தார்கள். ஆதிவாசிகளும் பிழைப்புத் தேடி வந்த ஏழைகளும், ஆணும் பெண்ணுமாக. இயந்திரமயம் அவர்களை வேண்டாதவர்களாக்கியது. ஆட்குறைப்பை எதிர்த்துப் போராடியவர்கள் மீது 1978 ஏப்ரல் 5 அன்று கிரந்துலில் போலீஸ் சுட்டது. தொழிலாளர்கள் பலர் செத்தார்கள். குடிசைகள் எரிந்தன. தாது இறங்கும் வேகத்தைக் கூட்டியதற்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள்.

பின்னர் ரயிலைவிடச் செலவு குறைந்த வழி வந்தது. தாதுவைப் பொடியாக்கி, நீரில் கரைத்துக் குழம்பாக்கி, 267 கி.மீ. குழாயில் விசாகப்பட்டினத்துக்குத் தள்ளினார்கள். அதற்கு ஓயாமல் தண்ணீர் வேண்டும். இன்னொரு பக்கம், சுரங்கக் கழிவு கலந்து சங்கினி ஆறு செந்நிறமானது. அந்த ஆற்றை நம்பியிருந்த ஊர்கள் குடிநீருக்குத் திண்டாடின.

2019 ஜூனில் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் கிரந்துலில் திரண்டார்கள். அவர்கள் தெய்வமாக வணங்கும் நந்தராஜ் மலையில், 13-ஆம் எண் படிவத்தில், சுரங்கம் தோண்டக் கூடாது என்றார்கள். 2014-ல் ஹிரோலி கிராமசபை கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒப்புதலே போலி என்றார்கள். மாநில அரசு பணிகளை நிறுத்திவைத்து விசாரணைக்கு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

இது ஐந்தாம் அட்டவணைப் பகுதி. 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டம் கிராமசபைக்கு அதிகாரம் தருகிறது. தாது போகத் தண்டவாளம், பெல்ட், துறைமுகம், குழாய் என நான்கு வழி கண்ட நாட்டில், அந்தக் கிராமசபையின் சொல் தலைநகருக்குப் போய்ச் சேர மக்கள் ரோட்டில் உட்கார வேண்டியிருக்கிறது.

மாணவத் தோழர்களே, “தொலைதூர மலைகளில் போக்குவரத்துச் சவால்” என்று திட்ட அறிக்கைகளில் படித்தால் நில்லுங்கள். தொலைதூரம் என்பது யாருக்கு? அங்கே வாழ்பவருக்கு அது வீட்டு வாசல். அந்த அறிக்கையில் கிராமசபைத் தீர்மானம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டது யார் என்று முதலில் தேடுங்கள்.