அடைபட்ட மலைவழிகள்

பகைவரைப் பட்டினியால் பணியவைக்கும் முயற்சி தமிழ் நிலத்துக்குப் புதிதன்று. வேள் பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்ட செய்தியைச் சங்க இலக்கியம் நமக்குச் சொல்லி வைத்திருக்கிறது. உழவர் உழாமலே மூங்கில் நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் தரும் மலை அது; அதனை முற்றுகையால் வெல்ல இயலாது என்று கபிலர் வேந்தர்க்கு எடுத்துரைத்தார். தன் உணவைத் தானே தந்துகொண்ட மலை அது. இன்றோ அத்தகைய பறம்பு எங்கும் இல்லை. ஒருவர் உலையில் வேகும் அரிசி மற்றொருவர் வயலில் விளைகிறது. ஆதலால் அயலாரின் வழியை அடைப்போர் தம் வீட்டு வாயிலையும் சேர்த்தே அடைக்கின்றனர். இவ்வுண்மையைக் கம்பம் பள்ளத்தாக்கு 2011 டிசம்பரில் பட்டறிந்தது.

பூசலின் வேர் பழையது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-இல் நிறைவுற்றது. மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலமும், அதற்கப்பால் மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களும் அந்நீரை நம்பியுள்ளன. அணையின் உறுதி பற்றிய அச்சத்தால் 1979-இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடிவரை தேக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. கேரளம் அதே ஆண்டில் சட்டமியற்றி அதனைத் தடுத்தது. 2011-இன் இறுதியில் இடுக்கிப் பகுதியில் உணரப்பட்ட நில அதிர்வுகள் அச்சத்தை மீண்டும் கிளறின. அணைக்குக் கீழே வாழ்ந்தோர்க்கு உயிர் பற்றிய அச்சம். கிழக்கே வாழ்ந்தோர்க்கு நீர் பற்றிய அச்சம். இரண்டுமே போலியல்ல.

அச்சம் சினமாக மாற நெடுநாள் ஆகவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் குமுளி எல்லையில் மோதல் மூண்டது. பல்லாயிரம் மக்கள் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து எல்லை நோக்கித் திரண்டனர். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று மலைவழிகளிலும் போக்குவரத்து முடங்கியது. கேரளத்துக்குப் பொருளாதார முற்றுகை என்னும் முழக்கம் எழுந்தது. காய்கறி ஏற்றிய வண்டிகள் நின்றன. சபரிமலைப் பயணிகளும் வழிமாறிச் செல்ல நேர்ந்தது.

இம்முற்றுகையின் சுமை யார் தோளில் விழுந்தது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. கேரளத்தில் காய்கறி விலை ஏறியது மெய்யே. ஆயின் விலை ஏறும் நாளில் முதலில் வாடுவது அன்றாடம் கூலி வாங்கிச் சமைக்கும் குடும்பம். அணை பற்றி ஆணையிடுவோர் வீட்டில் குழம்பின் சுவை குறைவதில்லை. மலையின் இப்புறத்திலும் நிலை வேறன்று. பறித்த காயைக் காத்து வைக்க இயலாத உழவரின் சந்தை மலைக்கு மேலேதான் இருந்தது. விடியுமுன் ஜீப்பில் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குச் சென்ற பெண்கள் கூலியிழந்தனர். தோட்டங்களில் தங்கியிருந்த தமிழ்த் தொழிலாளர் பலர் தாக்கப்பட்டு, காட்டுவழியே நடந்து இறங்கினர். இங்கேயோ மலையாளிகளின் கடைகளும் வாகனங்களும் தாக்கப்பட்டன. அவர்களுள் எவரும் அணையின் மதகைத் திறக்கவோ மூடவோ வல்லவர் அல்லர்.

நீர் எவ்வாறு வந்தது? 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கேரளத்தின் சட்டத்தைச் செல்லாததாக்கியது. அவ்வாண்டு நவம்பரில், 35 ஆண்டுகளுக்குப் பின், நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது. ஆவணங்களும் வல்லுநர் ஆய்வும் பொறுமையான வழக்கும் பெற்றுத் தந்த பயன் அது. அழுகிய காய்கறி பெற்றுத் தந்ததன்று.

ஒரே நாட்டின் இரு மாநிலங்களுக்கிடையே இவ்வாறெனில், பகை நாடுகளுக்கிடையே கேட்கவா வேண்டும்? கிரிமியாவை இணைத்துக்கொண்டமைக்கும் உக்ரைன் போருக்குமாக மேலைநாடுகள் 2014-இல் ருசியா மீது பொருளாதாரத் தடை விதித்தன. அதற்கு எதிரடியாக ருசியா அவ்வாண்டு ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நார்வே ஆகியவற்றின் இறைச்சி, மீன், பால் பொருள், காய், கனி ஆகியவற்றைத் தடுத்தது. போலந்தின் ஆப்பிள் உழவர் தம் பெருஞ்சந்தையை இழந்தனர். ருசியக் குடும்பங்கள் உயர்ந்த விலை கொடுத்தன. அடுத்த ஆண்டு, எல்லை கடந்து வந்த பாலாடைக்கட்டியை இயந்திரங்களால் நசுக்கி அழித்தனர். ஓராண்டுக்கென அறிவித்த தடை மேன்மேலும் நீட்டிக்கப்பட்டது, போரோ நிற்கவில்லை. 1990-இல் ஈராக் மீது ஐ.நா. விதித்த தடையில் உணவுக்கும் மருந்துக்கும் பெயரளவில் விலக்கு இருந்தது. எண்ணெய் விற்க வழியில்லாத நாட்டில் அவற்றை வாங்கப் பணம் ஏது? எளியோர் வாடினர், ஆட்சியாளர் 2003 வரை அரியணையில் நீடித்தார்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1998-இல் கியூபாவிலிருந்து விடைபெற்றபோது, வெளியிலிருந்து சுமத்தப்படும் பொருளாதாரக் கட்டுப்பாடுகள் அறநெறிக்கு ஒவ்வாதவை என்று கண்டித்தார். தடைகளைத் திருச்சபை முற்றிலும் மறுக்கவில்லை. போருக்கு மாற்றாக, பேச்சுவார்த்தைக்கு வழி திறக்கும் கருவியாக, அடிக்கடி மறு ஆய்வு செய்யப்படுமாயின் அவற்றுக்கு இடமுண்டு. ஆனால் ஒரு மக்களினம் முழுவதையும் தண்டிக்கும் கோலாக அவை மாறலாகாது என்பதே 2004-இல் வெளிவந்த சமூகப் படிப்பினைத் தொகுப்பின் நெறி.

உரிமைக்காகக் குரல் எழுப்புவது தவறன்று. நீருக்காகப் போராடுவது உழவரின் கடமையும் ஆகும். ஆயினும் அடுத்த முறை யாரேனும் சாலையை மறிக்க நம்மை அழைக்கும்போது, இதனால் இன்றிரவு யார் வீட்டு அடுப்பு அணையும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். அது முடிவெடுத்தவரின் அடுப்பாக இராது. பெரும்பாலும் மலைக்கு இப்புறமும் அப்புறமும் வாழும் கூலிக்காரரின் அடுப்பாகவே இருக்கும். அவர்கள் பசியைக் கொண்டு பெறும் வெற்றி எவர்க்கும் வெற்றியாகாது.