வேகத்துக்கு உரியவர்கள்

மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் பாயும் கார்களின் பெயர்களையும், அவற்றின் குதிரைச் சக்தியையும், நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட அவற்றுக்கு வேண்டிய விநாடிகளையும் தங்குதடையின்றி ஒப்பிக்கக்கூடிய இளைஞர் கூட்டம் ஒன்று இன்று தூத்துக்குடியிலும் உண்டு. அவர்களிற் பெரும்பாலோர் அத்தகைய வாகனம் ஒன்றை அருகில் நின்றுகூடப் பார்த்ததில்லை. எனினும் அதன் எஞ்சினில் எத்தனை சிலிண்டர்கள், அதன் டயர் எந்த வேகம் வரையில் தாங்கும் என்பதையெல்லாம் அவர்கள் அறிவார்கள். இதை வீண் மோகம் என்று தள்ளிவிடும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேகத்தின்மீது மனிதனுக்குள்ள ஆசை இக்கரைக்குப் புதிதன்று. கடலையும் காற்றையும் நம்பிப் பிழைத்த ஊருக்கு அது பரம்பரைச் சொத்து என்றே சொல்லலாம். ஆனால் அந்த ஆசையின் சரித்திரத்தைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனால், வேகமான யந்திரத்தைக் கண்டு வியந்து நின்றவர்களைவிட, அதைத் தம் கையால் செய்யவும் தம் பொறுப்பில் ஓட்டவும் துணிந்தவர்களே மதிக்கத் தக்கவர்களாய்த் தெரிகிறார்கள்.

முத்துச் சலாபம் நடந்த நாட்களிலிருந்தே தொடங்குகிறேன். ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழமுள்ள சிப்பிப் பாரில், ஏறக்குறைய ஒரு நிமிஷம் மட்டுமே தாங்கும் மூச்சை நம்பி இறங்கிய முத்துக்குளிப்பவனுக்குக் கீழே போய்ச் சேர்வதில் செலவாகும் ஒவ்வொரு விநாடியும் சிப்பி பொறுக்கும் நேரத்திலிருந்து கழிந்துபோவது. ஆகவே அவன் நீந்தி இறங்கவில்லை. கயிற்றில் கட்டிய கனமான கல்லின்மேல் காலை வைத்து, அந்தக் கல்லோடு விரைந்து ஆழத்துக்குச் சென்றான். அடியைத் தொட்டதும் கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். அவன் கூடையைச் சிப்பியால் நிரப்பிக்கொண்டு கயிற்றை அசைப்பான். மூச்சுக் கணக்கில் லாபம் தேடிய இந்த எளிய உபாயம், இக்கரை மனிதன் வேகத்தைத் தன் தேவைக்கு ஏற்றவாறு அமைத்துக்கொண்டதற்கு நான் அறிந்த பழைய உதாரணம். அந்தத் தொழில் 1961-ஆம் ஆண்டுச் சலாபத்தோடு நின்றுபோயிற்று.

கடலின் மேற்பரப்பில் வேகம் என்பது தோணியின் வேகமாயிருந்தது. ஓடாவிகள் கரையிலேயே பலகை சேர்த்துக் கட்டிய தோணிகள், உப்பும் மிளகாயும் வெங்காயமும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலைத் தீவுக்கும் போய் வந்தன. வாடை எப்போது விழும், கச்சான் எப்போது எழும், கொண்டல் எத்தனை நாள் நிற்கும் என்று வானத்தைப் பார்த்தே சொல்லக்கூடிய தண்டல், பாயின் விரிப்பையும் சுக்கானின் திருப்பத்தையும் கொண்டு மற்றொரு தோணியை முந்திக்கொண்டு துறை சேர்ந்தால், அவனுக்குச் சரக்கின் விலையில் ஆதாயமும் கடற்கரையில் மரியாதையும் கிடைத்தன. இங்கே செய்தவன், ஓட்டியவன், சரக்கேற்றியவன் எல்லோரும் ஒரே கடற்கரையைச் சேர்ந்தவர்கள் என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நீராவி வந்தபோதுதான் அந்த உறவு முறிந்தது. 1876-இல் ரயில் பாதை தூத்துக்குடியை எட்டியதும், சென்னையில் ஏறியவர் ஏறக்குறைய 22 மணி நேரத்தில் இங்கே இறங்கி, கப்பலேறி, ஓர் இரவுப் பிரயாணத்தில் கொழும்பைக் காணலாயிற்று. போட் மெயில் என்று பெயர் பெற்ற இந்த இணைப்பு, 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு தனுஷ்கோடி வழி ஏற்படும் வரையில் எங்கள் ஊரின் தனிச் சிறப்பாக விளங்கியது. கடல் ஆழமற்றதாகையால் கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தூரத்தில்தான் நங்கூரமிட்டன; யந்திர பலம் எவ்வளவு பெரிதாயினும், பிரயாணிகளையும் மூட்டைகளையும் அங்கே கொண்டு சேர்க்க எங்கள் படகுகளே வேண்டியிருந்தன. ஆயினும் கப்பலும் அன்னியருடையது, கட்டணத்தை நிர்ணயிக்கும் உரிமையும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியுடையது. வேகம் வந்துவிட்டது, அதன்மீது ஊராருக்கு எந்த அதிகாரமும் வரவில்லை.

இந்த நிலைமையைச் சகியாதவர் ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்து, தூத்துக்குடியில் வக்கீல் தொழில் நடத்திய வ. உ. சிதம்பரம் பிள்ளை. 1906 அக்டோபர் 16-ஆம் நாள் பதிவு செய்யப்பட்ட சுதேசி நாவாய்ச் சங்கத்தின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கினார். முதலில் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்தனர்; போட்டிக் கம்பெனியாரின் நிர்ப்பந்தத்தால் அந்த ஏற்பாடு தகர்ந்தது. உடனே கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தி, சொந்தக் கப்பல் தேடி வடக்கே பம்பாய்க்குப் புறப்பட்டார் சிதம்பரம் பிள்ளை. பிறரிடம் இரவல் வாங்கிய விசை எந்த நிமிஷமும் பறிக்கப்படும் என்பதை அவர் அந்த ஒரு சம்பவத்திலேயே கண்டுகொண்டார் என்று நான் கருதுகிறேன்.

1907-இல் எஸ்.எஸ். காலியா தூத்துக்குடிக் கடலில் வந்து நின்றபோது, முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர், அதன்மேல் 4,000 மூட்டைச் சரக்கு என்று கணக்கிட்டுச் சொல்லத்தக்க ஒரு மகத்தான யந்திரம் தமிழர் உடைமையாக அங்கே இருந்தது. அதன்பின் எஸ்.எஸ். லாவோவும் சேர்ந்தது. எதிர்க் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. பிறகு எதிர்க் கம்பெனி பிரயாணத்தை இலவசமாக்கிக் குடையும் கொடுக்க முன்வந்தது. இலவசத்தை மறுத்துவிட்டு எட்டணா கொடுத்து ஏறியவர்களின் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆனால் இந்த ஊரின் சரித்திரத்தில் அவர்களுக்குச் சமமாக வைக்கத்தக்கவர் வெகு சிலரே. 1908 மார்ச்சில் சிதம்பரம் பிள்ளை சிறைப்பட்டார். தலைவனை இழந்த கம்பெனி நிலைக்கவில்லை. 1911-இல் அது கலைக்கப்பட்டது, கப்பல்களும் கைமாறிப் போயின.

கம்பெனியின் வீழ்ச்சியை விளக்கும்போது அரசாங்கத்தின் கொடுமையை எல்லோரும் எடுத்துரைப்பர், அது நியாயமே. அதனோடு, விசை என்பது இயல்பிலேயே பெருஞ்செலவு வைப்பது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். கப்பலின் வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் அதற்குரிய யந்திர சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூட வேண்டும் என்பது கப்பல் கட்டுவோர் நன்கறிந்த விதி. மணிக்கு 10 கடல்மைல் ஓடும் கப்பலை 12 கடல்மைல் ஓடச் செய்ய, அதாவது வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூட்ட, ஏறக்குறைய முக்கால் பங்கு அதிகச் சக்தியும் அதற்கேற்ற நிலக்கரியும் வேண்டும். இதே விதி காற்றைக் கிழித்து ஓடும் காருக்கும் பொருந்தும். 2005-இல் வெளிவந்த புகாட்டி வேரான், 1,001 குதிரைச் சக்தியால் மணிக்கு 407 கிலோமீட்டரை எட்டியது. 2019 ஆகஸ்டில் ஜெர்மனியிலுள்ள ஏரா-லெஸ்ஸியன் சோதனைத் தளத்தில் ஆண்டி வாலஸ் ஓட்டிய புகாட்டி சிரான் 490 கிலோமீட்டரை எட்டியபோது, அதே ஐந்தில் ஒரு பங்கு வேகத்துக்காக எஞ்சினை 1,600 குதிரைச் சக்திக்கு உயர்த்தியதோடு, காற்றின் இழுப்பைக் குறைக்க வாலையும் நீட்ட வேண்டியிருந்தது. கடைசிச் சில கிலோமீட்டர்களுக்காகவே கோடிக்கணக்கான பொருள் கரைகிறது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு அந்தக் காரைப் பார்ப்பவனுக்கே அதன் அருமை முழுமையாகப் புலப்படும்.

உப்பளங்களின் நடுவே வளர்ந்த எங்களுக்கு இன்னொரு செய்தியும் சுவைக்கும். 1935 செப்டம்பரில் மால்கம் காம்ப்பெல் தம் புளூ பேர்டு காரில் மணிக்கு 301 மைல் வேகத்தைத் தாண்டியது அமெரிக்காவில் பானவில் என்ற உப்பு வெளியில்தான். அவருடைய மகன் டொனால்ட் காம்ப்பெல் 1964-இல் 403 மைல் வேகம் கண்டதும் ஆஸ்திரேலியாவில் ஏர் ஏரியின் உப்புப் படுகையில்தான். அந்த வேகங்களுக்கெல்லாம் இடங்கொடுத்தது வறண்டு இறுகிய உப்பு.

இனித் தமிழ்நாட்டு மோட்டார் சரித்திரத்துக்கு வருகிறேன். அது பலர் நினைப்பதைவிடப் பழையது. சென்னைச் சிம்ப்ஸன் கம்பெனியில் 1903-இலேயே நீராவிக் கார் ஒன்று செய்யப்பட்டது. கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு 1952-இல் இருவர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கி, 2,000 ரூபாய்க்கு விற்க முடியும் என்றார். அதைத் தயாரிக்கும் அனுமதி அவருக்குக் கிட்டவில்லை. அந்த மறுப்பு நாட்டுக்கு நேர்ந்த நஷ்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வேகத்துக்காகவே கார் ஓட்டும் பழக்கம் சோழவரத்தில் வேரூன்றியது. இரண்டாம் உலக யுத்தத்துக்காகச் சென்னைக்கு வடக்கே போடப்பட்ட விமான ஓடுதளம், யுத்தம் முடிந்தபின் கேட்பாரற்றுக் கிடந்தது. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத் தளமாக்கிக்கொண்டது. நீண்ட நேர்பாதையுடைய ஓடுதளமாகையால், கடைசி எல்லை வரை வேகத்தைச் சோதித்துப் பார்க்க அங்கே வாய்ப்பிருந்தது. கோண்டல் சமஸ்தானத்து இளவரசர் போன்ற செல்வர்கள் வெளிநாட்டுக் கார்களைக் கொண்டுவந்தார்கள். ஒரு காலத்தில் உலகப் பந்தயங்களில் ஓடிய என்சைன் என்ற ஃபார்முலா ஒன் கார் கூட எண்பதுகளில் அந்தக் கான்கிரீட்டின்மேல் ஓடிற்று. பார்க்க வந்த பல்லாயிரம் பேரின் கண்கள் அவற்றின்மீது பதிந்தது இயற்கையே.

ஆனால் சோழவரத்தின் உண்மையான பெருமை, வெளிநாட்டிலிருந்து வந்த அந்தக் கார்களில் இல்லை என்பது என் துணிபு. இறக்குமதிக்குக் கடுமையான தடைகள் இருந்த அந்நாளில், நாட்டில் கிடைத்த ஃபியட்டையும் ஸ்டாண்டர்டு ஹெரால்டையும் எடுத்து, தேவையற்ற பாரத்தைக் கழற்றி, சிலிண்டரைக் கடைந்து, கார்புரேட்டரை மாற்றி, கோவையிலும் சென்னையிலும் இருந்த சிறு ஒர்க்ஷாப்புகளில் இரவு பகலாக உழைத்த மெக்கானிக்குகளே அந்தப் பந்தயங்களின் உயிர்நாடி. குடும்பத்தைச் சுமக்கச் செய்யப்பட்ட காரிலிருந்து பந்தயக் குதிரையை வெளியே கொண்டுவருவதற்கு, கோடி ரூபாய் கொடுத்துத் தயாராக ஒன்றை வாங்குவதைவிடப் பன்மடங்கு அறிவு வேண்டும்.

அந்த மரபின் சிகரமாக வந்தவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். தாம் பந்தயங்களில் ஜெயித்ததோடு திருப்தியடையாமல், மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை அவர் வடிவமைத்தார். 1988-இல் அறிமுகமான அந்த ஃபார்முலா மாருதி, பெருஞ்செல்வமில்லாத இளைஞர்களுக்கும் முறையான பந்தயக் கல்வியைத் திறந்துவிட்டது. 800 கன சென்டிமீட்டர்கூட நிரம்பாத எஞ்சின் அது. எந்த உலக சாதனையையும் அது முறியடிக்கவில்லை. ஆயினும் சட்டகத்தை வளைத்தவர், பற்றவைத்தவர், ஓட்டியவர் அனைவரும் நம்மவர்கள். கடற்கரையில் தோணி கட்டிய ஓடாவிக்கும் அதை ஓட்டிய தண்டலுக்கும் இருந்த பழைய உறவு, நீராவியால் அறுபட்ட உறவு, அந்தச் சிறிய காரில் மீண்டும் பிணைக்கப்பட்டது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிரந்தரத் தளம் அமைந்தது. கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் காலமானார்; கோவைக்கு அருகே 2003-இல் திறக்கப்பட்ட பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்குகிறது. ஃபார்முலா மாருதியில் பயின்ற நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரானார் என்பதை யாவரும் அறிவர். அந்தக் கீர்த்தியில் ஒரு பங்கு, அவர் முதலில் பழகிய காரைச் செய்த கைகளுக்கும் உரியது. அந்தப் பங்கை நம் பத்திரிகைகள் போதிய அளவு கொடுத்ததில்லை.

தூத்துக்குடிக்கு இப்பொழுது ஒரு சந்தர்ப்பம் வாய்த்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 4-ஆம் நாள் இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் வியட்நாமைச் சேர்ந்த வின்ஃபாஸ்ட் கம்பெனியின் மின்சாரக் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. கார்கள் எங்கள் ஊரிலேயே உருவாகின்றன. கம்பெனி அன்னிய நாட்டினுடையது. அதில் வேலை கிடைப்பது நன்மையே, அதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் சிரானின் குதிரைச் சக்தியை மனப்பாடமாய்ச் சொல்லும் எங்கள் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ நாலு பேர் சேர்ந்து, கிடைக்கிற மோட்டாரையும் பாட்டரியையும் கொண்டு, சிறிதாயினும் உங்களுடையதான பந்தயக் கார் ஒன்றைச் செய்து, கோவைத் தளத்துக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ கொண்டு போங்கள். ஊரின் வணிகப் பெருமக்களுக்கும் ஒன்று சொல்வேன்: அந்தப் பிள்ளைகள் உங்கள் கடை வாசலில் பணம் கேட்டு வந்து நின்றால், 25 ரூபாய் வீதம் கப்பல் கம்பெனியில் பங்கு வாங்கிய உங்கள் பாட்டனார்கள் கொடுத்ததுபோல் கொடுங்கள்.