வழுக்கையாற்றுக் காணி: ஒரு மண் அறிக்கைக்கு உரை

"எங்கட ஊர் கற்பூமி, அத்திவாரத்துக்கு என்ன பயம்?" என்பது அளவெட்டியில் பழகிய பேச்சு. செம்மண் மேட்டில் அது சரிதான். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று பேர் பெற்ற வழுக்கையாறு இந்த ஊரின் தாழ்ந்த வயல்களைத் தொட்டுக்கொண்டு, கந்தரோடை, சண்டிலிப்பாய்ப் பக்கமாக இறங்கி, அராலியில் கடல்நீரேரியைச் சேர்கிறது. மாரியில் மட்டுமே அதில் நீர் ஓடும். கோடையில் அதன் ஓரத்துக் காணியை வாங்கி வீடு கட்ட நினைப்பவர்களுக்காக, மண் பரிசோதனை அறிக்கைகளின் பாணியில் ஐந்து வரிகளை மாதிரியாக அமைத்து உரை எழுதுகிறேன். இப்படியான வரிகள் கடன் கோப்புக்குள் போய் மூடப்படுகின்றன. வீட்டுக்காரர்தான் முதலில் படிக்க வேண்டும்.

வரி 1. துளை 1: 0–0.8 மீ. செம்மண், கீழே சுண்ணக்கல்.

ஊர்ப்பேச்சு இந்தத் துளையில் மெய்யாகிறது. இடுப்பளவு ஆழத்துக்குள்ளேயே கல். ஒரேயொரு துளையோடு நின்றிருந்தால் எல்லோரும் மகிழ்ச்சியாக வீடு திரும்பியிருப்பார்கள்.

வரி 2. துளை 2 (12 மீ. தள்ளி): 0–0.9 மீ. நிரவிய மண், 0.9–2.7 மீ. சாம்பல் நிறக் களி, N = 3.

அறிக்கையின் உயிர் இந்த வரி. 'நிரவிய மண்' என்றால் பள்ளத்தை மறைக்க யாரோ லோட் லோட்டாகக் கொட்டியது. அதன் கீழுள்ள களிதான் ஆறு விட்டுப்போன வண்டல்.

N என்பது அடிக்கணக்கு. 63.5 கிலோ சம்மட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, ஒரு குழாயை 45 செ.மீ. இறக்குவார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் சேராது. அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை அடி விழுந்ததோ அதுவே N. மூன்றே அடியில் இறங்கினால் அது மென்களி.

களியைக் கையாலும் அறியலாம். ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் இடியப்ப நூலைவிடச் சற்றுத் தடிப்பாக, 3 மி.மீ. அளவுக்கு உருட்டுங்கள். நூல் உதிராமல் நீண்டு வந்தால் களியும் ஈரமும் நிறைய உண்டு. எந்த ஈரத்தில் அந்த நூல் உதிரத் தொடங்குகிறது என்று ஆய்வுகூடத்திலும் இதே உருட்டலால்தான் அளக்கிறார்கள்.

இரு வரிகளையும் சேர்த்துப் படித்தால் பொருள் விளங்கும்: வீட்டின் ஒரு பாதி கல்லில், மறு பாதி களியில். வீடு முழுவதும் ஒரேயளவாக இறங்கினால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் சுவர் கிழியும். இத்தாலியின் பைசா கோபுரமும் ஆற்று வண்டலில், சுமார் 3 மீ. அத்திவாரத்தில் எழுந்தது. 1173இல் தொடங்கிய வேலை மூன்றாம் மாடியை எட்டும்போதே அது சாயத் தொடங்கிவிட்டது.

வரி 3. நீர்மட்டம்: 2.1 மீ. (ஆவணி).

அடைப்புக்குறிக்குள் இருக்கும் மாதத்தை விட்டுவிடாதீர்கள். ஆவணியில் 2.1 மீற்றரில் நிற்கும் நீர், கார்த்திகையில் நிலமட்டத்துக்கே வரலாம். 2008 நவம்பரில் நிஷா புயல் மழை குடாநாட்டுத் தாழ்நிலங்களை மூழ்கடித்ததை நாம் கண்டோம். களி நனைந்தால் பொருமும், காய்ந்தால் சுருங்கும். என் உறவினர் வீடொன்றில் சுவர் வெடித்தபோது, மேசனார் வெடிப்பின் குறுக்கே சீமெந்தால் ஒரு பொட்டு வைத்து, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினார். அது ஆனி மாதம். தை மாதம் பார்த்தோம், பொட்டும் இரண்டாகியிருந்தது.

வரி 4. 2.7 மீ. கீழ்: சுண்ணக்கல், பொந்துகளுடன்; கல்மாதிரி மீட்பு 45%.

ஒரு மீற்றர் துளைத்ததில் 45 செ.மீ. கல்தான் கைக்கு வந்தது. மிச்சம் நொறுங்கியிருக்கலாம், வெறும் பொந்தாகவும் இருக்கலாம். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர் சுண்ணக்கல்லை மெல்ல அரிக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் அந்த அரிப்பு நமக்குத் தந்த கொடைகள். அதே அரிப்பு தூணுக்குக் கீழே இருந்தால் ஆபத்து. கல் தட்டுப்பட்டதும் தோண்டலை நிறுத்துவது போதாது.

வரி 5. பரிந்துரை: தூண் அத்திவாரங்கள் யாவும் சுண்ணக்கல்லில் அமர வேண்டும், ஒவ்வொரு குழியிலும் கல்லை மேலும் 1.5 மீ. துளைத்துப் பார்க்கவும்.

'யாவும்', 'ஒவ்வொரு' ஆகிய இரண்டு சொற்களும்தான் செலவு கூட்டுபவை. அதனால்தான் முதலில் வெட்டப்படுபவையும் அவை. வெட்ட விடாதீர்கள். வெளிநாட்டில் இரவு வேலை செய்து பிள்ளை அனுப்பிய காசாகவோ, அடகு வைத்த நகையாகவோ இருக்கும், வீட்டுக்குப் போடும் பணம். விறாந்தைக்கு மாபிள் பிறகும் போடலாம். மண்ணுக்குள் போனதைத் திரும்ப எடுத்துத் திருத்துவது பெரும்பாடு.

ஆகவே, அறிக்கை கைக்கு வந்ததும் பொறியியலாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: வீட்டின் நான்கு மூலைக்கும் எத்தனை துளை? எந்த மாதத்து நீர்மட்டம்? கல்லுக்குக் கீழே என்ன? பதில் திருப்தியாக வரும்வரை அத்திவாரக் கல் வைக்க நாள் பார்க்க வேண்டாம்.